தலைக்கு ஒரு புன்னை ஓடு

போன மாதம் ரேஷன் கடையில் மெஷின் என் விரலை ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. கட்டைவிரலை வைத்தேன், சுட்டுவிரலை வைத்தேன், சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். சிவப்பு விளக்குதான் எரிந்தது. கடையில் இருந்த பெண் நல்லவள். "ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு பாட்டி, வீட்டுல வேற ஆள அனுப்புங்க" என்றாள். அரிசி வாங்க வந்த நான் நான்தானா என்பது சர்க்காருக்குச் சந்தேகம். சர்க்கார் போடுகிற அரிசி அரிசிதானா என்பது எனக்குச் சந்தேகம். எண்பது வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இதே வழக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

தக்கலைக்கும் நெய்யூருக்கும் இடையில் பிறந்து, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, இந்த வழக்கு எப்போது தொடங்கியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறந்திருந்தால் நான் சொல்கிறேன். எனக்கு மறதி வரவில்லை. மறதி வந்தவர்கள் சொல்வதுபோல்தான் இருக்கிறது இது என்று நீங்கள் சந்தேகப்படலாம். படுங்கள், தப்பில்லை.

எனக்கு யாரையும் உடனே நம்பத் தோன்றாது. பால் வந்தால் விரல் விட்டுப் பார்ப்பேன். மருமகள் நல்ல மாம்பழம் என்று கொண்டு வந்தால் காம்பை முகர்ந்துவிட்டுத்தான் வாங்குவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். இது பிறவிக் குணம் இல்லை. ஒரு மழைக்காலத்தில் ஊரோடு சேர்ந்து எனக்கும் தொற்றிய நோய்.

அது சண்டைக் காலம். எங்கேயோ தொடங்கிய சண்டை பர்மா வரைக்கும் வந்து, பர்மா அரிசிக் கப்பல் நின்றுபோனது. நம் ஊர் அன்று திருவிதாங்கூர். திருவனந்தபுரத்தில் மகாராஜா, அவருக்கு யோசனை சொல்ல திவான், திவானுக்கு யோசனை சொல்ல வெள்ளைக்காரத் துரை. துரைக்கு யார் யோசனை சொன்னார்களோ தெரியாது. வயலில் விளைந்த நெல்லை சர்க்காரே அளந்து எடுத்துக்கொள்ளும், பிறகு பணக்காரன் ஏழை என்று பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று திருப்பிக் கொடுக்கும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு என்று இன்று சொல்வேன். வயல் இல்லாத எங்களைப் போன்ற ஊர்களில் அது இல்லாவிட்டால் பாதிப்பேர் பட்டினியில் போயிருப்போம். அன்று அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் என்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டார்கள்.

அரிசி தலைக்கு என்பதால் முதலில் தலையை எண்ண வேண்டும். எண்ணுவதற்குப் பார்வத்தியார் வந்தார். இன்றைய கிராம நிர்வாக அலுவலருக்கு அன்றைய பெயர் அது. எதற்கு எண்ணுகிறோம் என்று அவர் சொல்லத்தான் செய்தார். யார் கேட்டார்கள்?

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியப்பா இருந்தார். சொந்தம் இல்லை, ஊர் முறையில் பெரியப்பா. பனையேறி, அவருக்கு நாலு ஆண்பிள்ளைகள். அவர்தான் முதலில் ஆளைக் கூட்டிப் பேசினார்.

"தலைய எண்ண வாறான்னா தலைவரி வரப்போவுதுன்னு அர்த்தம். எங்க பாட்டா கெட்டுன வரி. தலைக்கு வரி, மீசைக்கு வரி. மறந்துட்டியளாடே? இந்தச் சர்க்காரு நம்ம தலைய எண்ணி எப்பவாவது நமக்கு நல்லது செஞ்சிருக்கா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. தலைவரி அவருடைய பாட்டா காலத்தோடு போய்விட்டது, ஆனால் அந்தப் பயம் சொத்துபோல் கைமாறி வந்திருந்தது. பார்வத்தியார் வந்த காலையில் பெரியப்பா, "நானும் பெஞ்சாதியுந்தான் இருக்கோம்" என்றார். நாலு பனை உச்சியில் நாலு பிள்ளைகளும் பதநீர் சொட்டும் அக்கானிக் கலயத்துக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாவது ஆள் தும்மினான். பார்வத்தியார் மேலே பார்த்தார். "காக்கா" என்றார் பெரியப்பா.

அப்புறம் ரேஷன் டிப்போவில் அரிசி போட்டார்கள். இரண்டு தலைக்கு உண்டான அரிசி ஆறு வயிற்றுக்கு எங்கே காணும்? பெரியப்பா மறுநாளே தக்கலைத் தாலுகா ஆபீசுக்கு ஓடினார். அவரைப்போல் ஊரில் எல்லாரும் ஓடினார்கள். இரண்டாம் தடவை எண்ண வந்தபோது பனையில் இருந்தவர்கள் இறங்கினார்கள், அது நியாயம். கொழும்புக்குப் போனவர்களும் வந்தார்கள். பெரியப்பாவின் அப்பா செத்து இரண்டு ஓணம் கழிந்திருந்தது. "அவரு உள்ள இருமிக்கிட்டுக் கெடக்காரு" என்று அவருக்கும் ஒரு தலை வாங்கிவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கார்டில் வந்து உட்கார்ந்தார்கள். உயிர்த்தெழுதலைப் பற்றி என் அப்பா எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறார், அதை ஊர் இவ்வளவு உறுதியாக நம்பியது அந்த ஒரு தடவைதான்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். சபைக்குச் செயலாளரும் அவரே, போதகர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கமும் அவரே. எழுத்தில் ஒரு புள்ளி விட்டால் சிலேட்டைத் திருப்பிக் கொடுப்பார். கணக்கில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும், "எங்க வந்து ஒண்ணு கூடிச்சு? கண்டுபிடிச்சிட்டு வா" என்று நிற்க வைப்பார். எங்கள் வீட்டுக் கார்டில் இரண்டு தடவையும் ஒரே எண்ணிக்கைதான். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, நான், தம்பி. ஆறு தலை. நாங்கள் மட்டும் மறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை என்பதில் அப்பாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

தம்பி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். கார்டு வந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் கண்டு போய்விட்டான். அவனைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டியில் கிடத்தியது வேதச்சின்னம்மை. அம்மாவால் தொட முடியவில்லை. தக்கலைக்குப் போய்ப் பேரை எடுத்துவிட வேண்டும் என்று அப்பா சொன்னார். "மழை தோரட்டு" என்றாள் அம்மா. மழை விட்டது, மறுபடி பெய்தது. அப்பா தக்கலைக்கு எத்தனையோ வேலையாகப் போய் வந்தார். அம்மா ஒவ்வொரு தடவையும் வாசல் வரை வந்து நிற்பாள், அப்பா அவள் முகத்தைப் பார்ப்பார், அந்த ஒரு வேலை மட்டும் நடக்காது. அரிசிக்காக அல்ல என்று சத்தியம் செய்வேன். அந்தத் தலைக்கு வந்த அரிசியை நாங்கள் தின்றோம் என்பதும் சத்தியம்.

இனி வேதச்சின்னம்மையைச் சொல்ல வேண்டும். சபையின் வேத ஊழியக்காரி. கணவர் செத்து, பிள்ளை இல்லாமல், சபைக் கோவிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பாள், பேறு பார்ப்பாள், சண்டை தீர்ப்பாள். சனிக்கிழமைதோறும் பிடியரிசிப் பெட்டிகளை எடுத்து வருவதும் அவள்தான். சோறு பொங்கும்போது உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கு என்று எடுத்து, மூடி போட்ட ஓலைப்பெட்டியில் போட்டு வைப்பது நம் வேதக்காரப் பெண்களின் வழக்கம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அரிசியில்தான் கோவில் முற்றத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள். சின்னம்மைக்குச் சம்பளமும் அதில் ஒரு பங்கு அரிசிதான்.

ரேஷன் வந்தபிறகு பிடியரிசி குறைந்தது. ஒருத்தி பிடி என்று போடுவாள், ஒருத்தி நுள்ளிப் போடுவாள். "என் கை பெருசு, அவ கை சிறுசு" என்று பெண்களுக்குள் பேச்சு வந்தது. அங்கேதான் அப்பா ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தார். சர்க்கார் செய்யும்போது நாம் செய்யக் கூடாதா? பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் அனுப்பிப் புன்னைக்காய் பொறுக்கி வரச் சொன்னார். கொட்டையைப் பாதியாகப் பிளந்து, பருப்பை விளக்கெண்ணெய்க்குக் கொடுத்துவிட்டு, ஒரே அளவான ஓடுகளாகத் தேர்ந்தெடுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்து மழமழப்பாக்கினார். வீட்டுக்கு ஒரு ஓடு. ஒரு ஓட்டில் ஒரு கரண்டி அரிசிகூட நிற்காது. சோறு பொங்குகிற ஒவ்வொரு சாயங்காலமும், வீட்டில் இருக்கிற தலைக்கு ஒரு ஓடு அரிசி எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். இருக்கிறவனுக்கு அதிகம் இல்லை, இல்லாதவனுக்குக் குறைச்சல் இல்லை. பெரிய கை சின்னக் கை வழக்கும் தீர்ந்தது.

அந்த ஓட்டின் வழுவழுப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. மெஷினுக்குத் தெரியாத ரேகை அது. அதில் ஒரு கசப்பு வாசம் எப்போதும் இருக்கும், கழுவினாலும் போகாது. அம்மா அடுக்களையில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு ஓடாக எடுப்பாள். "இது அவியளுக்கு, இது எனக்கு, இது பெரியவனுக்கு, இது மூத்தவளுக்கு, இது சின்னவளுக்கு." ஆறாவது ஓட்டைப் பேர் சொல்லாமல் எடுப்பாள். மற்ற ஓடுகளைப் பெட்டியில் கவிழ்ப்பாள், இதைச் சரித்து மெதுவாக விடுவாள்.

நீங்கள் கேட்கலாம், சர்க்காரிடம் கூசாமல் பொய் சொன்ன ஊர் இதில் மட்டும் ஏன் உண்மை சொல்லியது என்று. இல்லாத பாட்டாவுக்கும் கொழும்பில் இருக்கிற மகனுக்கும் எதற்கு ஓடு போட்டு அரிசியை இழக்க வேண்டும், அது ஒன்று. காணிக்கையில் பொய் சொன்ன புருஷனும் பெண்சாதியும் அந்த இடத்திலேயே விழுந்து செத்த கதையைச் சின்னம்மை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், அது இன்னொன்று. சர்க்காரை ஏய்க்கலாம், அது தூரத்தில் இருக்கிறது. கடவுள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்தார். திருவனந்தபுரத்துப் பக்கத்து ஆள், மலையாளம் கலந்த தமிழ். கோவிலில் அரிசி பதுக்கி வைத்திருப்பதாக யாரோ சொன்னார்களாம், விசாரிக்க வந்தார். ஊரே கதவிடுக்கு வழியாகத்தான் அவரைப் பார்த்தது. குடையைத் தரையில் ஊன்றுகிறாரே, அடியில் குழி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார் என்றார்கள். செருப்பைக் கழற்றாமல் நிற்கிறாரே, ஓடுவதற்குத் தயாராக நிற்கிறார் என்றார்கள். பிள்ளைகளிடம் "சோறு உண்டோ?" என்று சிரித்துக் கேட்டார், நாங்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினோம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் மெல்லிய குரல் உள்ள மரியாதையான மனிதர். அது இப்போது தெரிகிறது.

அப்பா மட்டும் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். மறைக்க ஒன்றும் இல்லாதவர் அல்லவா. சாயங்காலம், மழை இருட்டு. தின்பதற்கு அவித்த மரச்சீனிக் கிழங்கு, குடிக்கக் கருப்பட்டிக் காப்பி. அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டு உலைக்கு முன்னால் உட்கார்ந்து ஓடு எடுக்கத் தொடங்கினாள். அடுக்களை வாசல் திறந்து கிடந்தது.

"இது எந்தா சாரே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பாவுக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? பிடியரிசியில் தொடங்கி, பெரிய கை சின்னக் கை, புன்னைக்காய், கல்லில் தேய்த்தது எல்லாம் சொன்னார். "தலைக்கு ஒரு ஓடு. கூடவும் செய்யாது, கொறயவும் செய்யாது. சர்க்காரு கார்டுல என்ன வேணும்னாலும் எழுதலாம். எங்க ஆளுக கடவுளுக்குப் பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். கடைசி வாக்கியத்தை அப்பா பெருமையாகத்தான் சொன்னார். இன்ஸ்பெக்டர் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

அவர் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு ஓடு. பிறகு எங்களைப் பார்த்தார். ஐந்து பேர். "ஆறாமத்தே ஆள் எவிடே?" என்றார், சும்மா கேட்பதுபோல்.

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "உறங்குகான்."

அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். அடுப்பில் ஈர விறகு சீறியது. இன்ஸ்பெக்டர் கீழே வைத்த காப்பியை எடுத்துக் குடித்து முடித்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் கோவிலுக்கு மறுபடியும் வந்தார். கோவிலோடு ஒட்டிய சின்ன அறையில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. வேதச்சின்னம்மை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், நான் விளக்குப் பிடித்தேன். அப்பா வீட்டுப் பேரைச் சொல்லி, சபையின் ஓட்டால் அரிசியை அளந்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல் சத்தமாக எண்ணிப் பொதுப்பானையில் கொட்டினார். பெரியப்பா வீடு, எங்கள் வீடு, எண்ணெய்க்காரர் வீடு. இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு கடைசிவரை நின்றார். ஒன்றும் எழுதவில்லை. "கொள்ளாம், இது பதுக்கல் அல்ல" என்றார். அப்பா முகத்தில் சந்தோஷம்.

மாதம் பிறந்தபோது டிப்போவில் இடி விழுந்தது. பெரியப்பாவின் அப்பா கார்டில் இல்லை. கொழும்புக்காரர்கள் இல்லை. கல்லறையில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில்கூட உயிரோடு இருக்கிற ஆளை வெட்டவில்லை. ஒரு வீட்டில்கூட இல்லாத ஆளை விடவில்லை. எங்கள் வீடு ஒன்றைத் தவிர.

அதற்கப்புறம் ஊர் ஊராக இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் எல்லா நெஞ்சும் ஒரே நேரத்தில் குறுகுறுத்தது. கிணற்றடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். சோறு பொங்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்தினார்கள். மண்டைக்காட்டில் இருந்து சாளை மீன் விற்க வருகிறவளைக்கூட ஒரு மாதம் முற்றத்துக்குள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்களும் அப்படித்தான். யார் வீட்டில் என்ன கறி என்று கேட்டால், "நீ எதுக்குக் கேக்குக?" என்போம்.

சந்தேகம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? எல்லா அடுக்களைக்கும் தட்டாமல் நுழைகிறவளுக்கு.

ஆராதனை முடிந்து கூட்டம் போட்டார்கள். பாயில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். சபைச் செயலாளர் என்ற முறையில் அப்பா முன்னால் மேசையில் இருந்தார். பெரியப்பா எழும்பினார்.

"எங்கப்பன் செத்தது திருவனந்தபுரத்துக்காரனுக்கு எப்பிடித் தெரியும்? என் வீட்டுக்கு வந்து போறது ஒரே ஒருத்திதான். ஒற்றுச் சொன்னவளுக்கு நம்ம பிடியரிசியில கூலியா? கோவிலுல அறையா?"

"சாரு வீட்டுல மட்டும் ஒண்ணும் வெட்டல்லியே" என்றது பின்னால் இருந்து ஒரு குரல். "அங்கயும் ஒரு பிள்ள போச்சில்லா?"

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

வேதச்சின்னம்மை அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாயைப் பார்த்தாள். என் கையில் இருந்த சேலை ஈரமாக இருந்தது, என் கை வியர்வையா அவள் கண்ணீரா தெரியவில்லை. பெட்டி அளந்த அன்று அந்தச் சின்ன அறையில் நின்ற பெரியவர்கள் மூன்றே பேர். ஒருவர் இன்ஸ்பெக்டர். ஒருவர் மேசைக்குப் பின்னால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் சின்னம்மை. ஓடு எண்ணியது அவள் காதிலும் விழுந்ததுதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரின் கண் அவளை விட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பெட்டிக்குப் போயிருக்கும்.

"சாரு வீட்டுப் பேச்சு இங்க வேண்டாம்" என்றாள் சின்னம்மை. "அந்தப் பிள்ளயக் குளிப்பாட்டுனது நானாக்கும். அதை இழுத்து யாரும் பேசப்பிடாது. என்னைத்தானே கேட்டிய? நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல்ல. அதுக்குமேல எனக்குச் சொல்லத் தெரியாது."

"சொல்லாம எப்பிடி மக்கா தெரியும்?" என்றார் பெரியப்பா. இந்தத் தடவை கோபம் இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சபை சமாதானத்துக்காக" என்று தொடங்கினார். சபை சமாதானத்துக்காக இனி அவள் பெட்டி எடுக்க வேண்டாம், அறையையும் காலி செய்து கொடுக்க வேண்டும். யாரும் எதிர்த்துச் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகளை அவள் கையில் ஏந்தி எடுத்திருந்தாள் அந்தக் கூட்டத்தில்! பெரியப்பாவின் நாலு பேரும் அவள் கையில் விழுந்தவர்கள்தான்.

மறுநாள் தகரப்பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில், நெய்யூர் ரோட்டில் நடந்து போனாள். ஆஸ்பத்திரியில் துணி அலசுகிற வேலை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். அவள் எங்கள் வாசலைத் தாண்டியபோது அம்மா முற்றத்துக்கு ஓடினாள், அப்புறம் படியிலேயே நின்றுவிட்டாள். சின்னம்மை திரும்பிப் பார்த்து, "பிள்ளைகளை மழையில விடாதட்டி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னம்மை ஒற்றுக்காரி என்றுதான் நானும் நம்பினேன், பள்ளிக்கூடம் முழுக்க நம்பியது. நானும் வாத்தியாராகி, நாலாம் வகுப்புக்கு வகுத்தல் போட்டுக் கொடுத்த ஒரு நாள், ஒரு பெட்டியில் இவ்வளவு அரிசி, ஒரு தலைக்கு இவ்வளவு, அப்படியானால் எத்தனை தலை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். சாக்கட்டி கையிலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள், "டீச்சர், விடை?" என்று கேட்டார்கள். யாரும் ஒற்றுச் சொல்லவில்லை. ஊர் தன் கையாலேயே ஒவ்வொரு சாயங்காலமும் உண்மையை அளந்து பெட்டியில் போட்டு மூடி வைத்தது. அதைத் திறந்து வாசிக்கிற வித்தையை, காப்பியும் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தது எங்கள் வீடு. எங்கள் வீட்டுப் பெட்டி மட்டும்தான் பொய் சொல்லியது. அதனால் எங்கள் கார்டு பிழைத்தது.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். காப்பி கொடுத்தது அவள்தானே. வாயைத் திறந்தால் தம்பி செத்துவிட்டான் என்பதைச் சர்க்காருக்கும் சபைக்கும் முன்னால் அவள் சொல்ல வேண்டும். அவளால் முடியவில்லை. அவளை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்தவளிடம் கணக்குக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவுக்குத் தெரியுமா? இதுதான் என் வாழ்நாள் சந்தேகம். பெருமையாகச் சொன்ன பேச்சு எங்கே போய் முடிந்தது என்று அவருக்கு விளங்கவில்லையோ? படித்தவர்கள் தங்கள் வீட்டு வாசலில் கிடப்பதைப் பார்க்காமல் போவது உண்டு. நல்ல மனிதர். ஊருக்கு எத்தனையோ செய்தார். தெரியாமல் செய்த தப்பு என்று வைத்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை.

ஆனால் எனக்கு ஒரு சாயங்காலம் ஞாபகம் இருக்கிறது. சின்னம்மை போன அதே வாரம். அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா உலைக்கு முன்னால் உட்கார்ந்து ஓடு எடுத்தாள். அவியளுக்கு, எனக்கு, பெரியவனுக்கு, மூத்தவளுக்கு, சின்னவளுக்கு. ஆறாவதைப் பேசாமல் சரித்து விட்டாள். பிறகு ஏழாவதாக ஓர் ஓடு எடுத்தாள். வேதச்சின்னம்மையின் பேரைச் சொன்னாள். முணுமுணுப்பாக இல்லை, முற்றத்தில் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். வெளியே தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை பெட்டி எடுக்க ஆள் இல்லாததால் அப்பாவே எடுத்து வந்து அளந்தார். நான்தான் விளக்குப் பிடித்தேன். எங்கள் வீட்டுப் பெட்டி வந்தது. சத்தமாக எண்ணினார். ஆறு தலைக்கு உண்டான எண்ணிக்கை முடிந்தும் பெட்டியில் அரிசி இருந்தது. அப்பாவின் குரல் தாழ்ந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசி ஓடுவரை எண்ணி, பானையில் கொட்டி, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, அடுத்த வீட்டுப் பேரைச் சொன்னார்.

அம்மா சாகும்வரை ஏழாவது ஓட்டை நிறுத்தவில்லை. சண்டை முடிந்து, ரேஷன் தளர்ந்து, மகாராஜாவும் துரையும் போய், நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. ஒன்று கூடினால் எங்கே வந்து கூடியது என்று எங்களை நிற்க வைத்துக் கேட்கிற அப்பா, அந்த ஓர் ஓட்டைப் பற்றி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

தெரியாதவராக இருந்தால் கேட்டிருப்பார்.